பதினைந்தாயிரத்து ஏர் ரைஃபிளா, மூன்று லட்சத்து ஏர் ரைஃபிளா? டெல்லியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்குத் துப்பாக்கி சுடுதலில் மட்டும் மூன்று வெண்கலம் வந்தது. அதற்குப் பிறகு மயூர் விஹார், துவாரகா, ஆர்.கே.புரம் என்று நம்மவர்கள் கூடும் எந்த இடத்திலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. மலை மந்திர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர் கேட்டார்: "சார், பொண்ணு ரைஃபிள் ஷூட்டிங் சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஆன்லைன்ல பதினஞ்சாயிரத்துக்கு இருக்கு. கோச் மூணு லட்சம்ங்கறார். ரெண்டும் சுடத்தானே செய்யுது?"

சுடத்தான் செய்கிறது. ஆனால் எதைச் சுடப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்ல முடியும். புதிதாக வருபவர்கள் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும், எதை எப்போது வாங்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். விலைகளைத் தோராயமாகத்தான் சொல்கிறேன். டாலரும் யூரோவும் ஏறி இறங்க அதுவும் மாறும்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம்

நம் ஊர்க் குடும்பங்களில் 'தாத்தா அந்தக் காலத்தில் ஏரிக்கரையில் கொக்கு சுட்டார்' என்ற கதை ஒன்றாவது இருக்கும். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. மைனா, கிளி என்று பால்கனிக்கு வரும் பறவைகளும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவைதான். 'புறா அசிங்கம் பண்ணுகிறது, அதற்கு ஒன்று வாங்கலாமா' என்று கேட்பவர்கள் வலை கட்டிக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரை அவர்களுக்கு இல்லை.

2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருக்கும், காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுடும் போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் எல்லாமே 4.5 மில்லிமீட்டர்தான், ஆற்றலும் சுமார் ஏழரை ஜூல்தான். அதனால் மூன்று லட்சத்துத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 5.5 மில்லிமீட்டர் குழல் கொண்டது என்றால் கதை வேறு. விளம்பரத்தில் 'பவர் அதிகம்' என்று காட்டி அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது ஆயுதச் சட்டத்தில் போய் நிற்கும்.

காஷ்மீரி கேட் பக்கத்துப் பழைய துப்பாக்கிக் கடைகளானாலும் சரி, இணையமானாலும் சரி, அடையாள அட்டையும் வயதுச் சான்றும் கேட்பார்கள். கேட்காத கடையில் வாங்க வேண்டாம். பிள்ளைக்கு 18 நிரம்பவில்லை என்றால் உங்கள் பெயரில் பில் போடுங்கள். அந்த பில்லின் நகல் ஒன்று எப்போதும் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

அரை மில்லிமீட்டர்

யூடியூபில் அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் நிறைய. அங்கே இதே சண்டை பல வருடமாக நடக்கிறது: மலிவான ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் ஒரு பக்கம், ஆர்டர் கொடுத்துச் செய்துவாங்கும் துப்பாக்கி இன்னொரு பக்கம். அந்தச் சண்டையில் இப்போது மலிவுக் கட்சியின் கை ஓங்கியிருக்கிறது, காரணமும் இருக்கிறது. கணினி எந்திரத்தில் குழலைக் கடைவது சுலபமாகிவிட்டது. சாவேஜ் கம்பெனி குழலை ஒரு நட்டு வைத்து முடுக்கிப் பொருத்துகிறது. முன்பு கைத்தேர்ந்த தொழிலாளி மணிக்கணக்கில் ராவிச் சரிபார்த்த பொருத்தம் இப்போது சில நிமிட வேலை. தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டைக்கு வால்நட் மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக். நூறு கெஜத்தில் ஒரு அங்குல வட்டத்துக்குள் மூன்று குண்டு போடும் துப்பாக்கி அங்கே சாதாரண விலைக்கே கிடைக்கிறது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி இருபது சென்டிமீட்டர் அகலம். அதற்கு இந்தத் துல்லியம் தாராளம். அதற்குமேல் கொடுக்கும் லட்சங்கள் மரத்தின் வரிக்கும், கையால் செதுக்கிய வேலைப்பாட்டுக்கும், பெயருக்கும் போகின்றன. நம் மகாராஜாக்கள் லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிடமும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸிடமும் கொட்டிக்கொடுத்ததும் பெரும்பாலும் அதற்குத்தான்.

இந்த நியாயத்தை அப்படியே 10 மீட்டர் ரேஞ்சுக்குத் தூக்கி வந்தால் கணக்கு இடிக்கும். போட்டி அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையால் ஒரு தொடு தொட்ட அளவு. குண்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து என்பதால், 4.5 மில்லிமீட்டர் குண்டின் நடு அந்தப் புள்ளியின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். அதுவும் பழைய கணக்கு. இப்போது பத்தையே 10.0 முதல் 10.9 வரை பிரிக்கிறார்கள், ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கும் கால் மில்லிமீட்டர். அறுபது குண்டு, அதிகபட்சம் 654.0. பெரிய போட்டிகளில் இறுதிச் சுற்றுக்குள் நுழைபவருக்கும் வெளியே நிற்பவருக்கும் நடுவே சில சமயம் ஒரே ஒரு கால் மில்லிமீட்டர்தான் இருக்கும்.

ஆக, இங்கே காசுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்தக் கால் மில்லிமீட்டர் உங்கள் பிரச்சினையாக மாறக் கொஞ்சம் காலம் ஆகும். முதல் மாதத்தில் பிரச்சினை சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும், அதற்குத் துப்பாக்கி காரணம் இல்லை.

மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்

டெல்லியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. 2010 காமன்வெல்த் போட்டிக்குப் புதுப்பித்தார்கள். பிகானேர் மகாராஜாவான கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்ஸில் சுட்டவர், துப்பாக்கி சுடுதலில் அர்ஜுனா விருது வாங்கிய முதல் ஆள். மெட்ரோ வயலட் லைனில் போய் இறங்கி ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். அங்கே புதியவர்களுக்கு என்ன வகுப்பு, என்ன கட்டணம் என்பதை நேரில் போய்க் கேளுங்கள், அவ்வப்போது மாறுகிறது. இது தவிர நகரம் முழுக்கத் தனியார் அகாடமிகள் இருக்கின்றன. மாடியில் நான்கைந்து லேன் போட்ட சின்ன இடங்கள்கூட ஆரம்பத்துக்குப் போதும். சேரும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: கற்றுக்கொள்ள அகாடமித் துப்பாக்கி தருகிறார்களா, ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், குண்டுக்குத் தனிக் காசா.

முதல் நாளே 'சொந்தத் துப்பாக்கி இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாது' என்று ஆர்டர் பாரத்தை நீட்டும் இடத்தில் சேராதீர்கள். கோச் வழியாக வாங்கினால் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அதில் தப்பில்லை, உழைப்புக்குக் கூலி. ஆனால் பிள்ளை நிற்கக் கற்றுக்கொள்ளும் முன்பே துப்பாக்கியின் அளவை எப்படித் தீர்மானிக்க முடியும்?

நிற்பதுதான் பாடம். துப்பாக்கி நான்கிலிருந்து ஐந்து கிலோ இருக்கும், விதிப்படி ஐந்தரைக்கு மேல் போகக் கூடாது. அதைக் கைப் பலத்தில் தூக்கினால் இரண்டு நிமிடத்தில் தோள் நடுங்கும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, உடம்பைச் சற்றே பின்னால் சாய்த்து, எலும்பின் மேல் பாரத்தை நிறுத்த வேண்டும். இது பழக வாரங்கள் ஆகும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை நல்ல கோச் முதலில் ஸ்டாண்டின் மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்துத்தான் சுடவிடுவார். குண்டே போடாமல் விசையை மட்டும் அழுத்தும் பயிற்சி அதிகமாக இருக்கும். பிள்ளைகளுக்கு இது போரடிக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகும் சனிக்கிழமை காலை தானாக எழுந்து கிளம்பினால் பர்ஸைத் திறக்கலாம்.

காசு எங்கே போகிறது

அகாடமியில் இரண்டு வகைத் துப்பாக்கியும் இருக்கும். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் நான் எழுதுவதைவிட வேகமாகப் புரியும். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் வெடிப்பு. மலிவான ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலானவை ஸ்பிரிங் வகை. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் ஒரு கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கும். அந்தப் பாய்ச்சலில் துப்பாக்கி பின்னால் ஒரு உதை, உடனே முன்னால் ஒரு குத்து என இரண்டும் காட்டும், அதுவும் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே. அதனால் நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் குண்டு இடம் மாறும். இறுக்கிப் பிடித்தால் ஓரிடம், தளர்த்திப் பிடித்தால் வேறிடம். விலை கூடிய போட்டித் துப்பாக்கியில் ஸ்பிரிங் கிடையாது. குழலுக்குக் கீழே இருக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும், ஒவ்வொரு முறையும் அளந்து கொஞ்சம் விடும். இந்த வகையைப் பிசிபி என்பார்கள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ், ஸ்டெயர் எல்லாம் இந்த ரகம். சுட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கன்னத்தில் அசைவே தெரியாது.

இரண்டாவது விசை. மலிவுத் துப்பாக்கியில் அதை இழுக்கக் கிலோ கணக்கில் பலம் வேண்டும். போட்டித் துப்பாக்கியில் நூறு கிராம் அளவுக்கு வைத்துக்கொள்வார்கள். முதல் பாதி லேசாக வரும், ஒரு இடத்தில் தடுக்கும், அதற்குமேல் நினைத்தாலே போதும். ஜனவரிக் காலையில் டெல்லிக் குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும்போது அந்தத் தடுப்பே விரலுக்குத் தெரியாது. அதனால் ரேஞ்சில் ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு டம்ளரில் விரலைச் சூடாக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

மூன்றாவது, என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது, உடம்புக்கு ஏற்ற அளவு. பதினைந்தாயிரத்து ரைஃபிளின் கட்டை எல்லோருக்கும் ஒரே நீளம், ஒரே உயரம். ஐந்தடிப் பெண்ணும் ஆறடிப் பையனும் அதற்குத்தான் தங்களை வளைத்துக்கொள்ள வேண்டும். கழுத்து முன்னால் போகும், தோள் தூக்கும், அடுத்த குண்டுக்கு அதே நிலைக்குத் திரும்ப முடியாது. போட்டி ரைஃபிளில் தோளில் படும் தகடு, கன்னம் வைக்கும் பகுதி, கைப்பிடியின் கோணம், முன் கை தாங்கும் பகுதியின் உயரம், குறி பார்க்கும் சைட்டின் உயரம் என அத்தனையும் திருகாணியால் நகரும். பிள்ளை வளர வளர துப்பாக்கியும் வளரும். மூன்று லட்சத்தில் கணிசமான பங்கு இந்தத் திருகாணிகளுக்குத்தான் போகிறது, அது நியாயமான செலவு.

சைட்டைப் பற்றிச் சுருக்கமாக: போட்டியில் பின்னால் சின்னத் துளையும் முன்னால் வளையமும் இருக்கும் பீப் சைட், பூதக்கண்ணாடி கிடையாது. புதியவர்கள் 'சின்ன வளையம் போட்டால் துல்லியம் கூடும்' என்று நினைக்கிறார்கள். வளையத்துக்கும் அட்டையின் கறுப்பு வட்டத்துக்கும் நடுவே வெள்ளை தாராளமாகத் தெரியட்டும், இல்லாவிட்டால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

குழலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லோரும் குழலைத்தான் முதலில் கேட்கிறார்கள். போட்டி ரைஃபிளின் குழல் பிரமாதமானதுதான். துப்பாக்கியை இறுக்கிப் பூட்டி ஃபாக்டரியில் சுட்ட ஐந்து குண்டின் அட்டையைப் பெட்டியோடு தருவார்கள், பெரும்பாலும் ஒரே துளையாக இருக்கும். ஆனால் வெளியே தெரியும் அந்த நீளக் குழல் முழுக்கக் குழல் இல்லை. வரிவெட்டு (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள்) உள்ள உண்மையான குழல் சுமார் நாற்பது சென்டிமீட்டர்தான், மீதி சைட்டைத் தள்ளி வைப்பதற்கான வெற்றுக் குழாய். மலிவுத் துப்பாக்கியின் குழலும் நாம் நினைக்கும் அளவுக்கு மோசமில்லை. பூட்டி வைத்துச் சுட்டால் பல துப்பாக்கிகள் ஆச்சரியப்படுத்தும். கையில் எடுத்ததும் உதை, விசை, கட்டை மூன்றும் சேர்ந்து கெடுக்கின்றன.

விளம்பரத்தில் வரும் வேகத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஒலிம்பிக்ஸ் ரைஃபிளில் குண்டு விநாடிக்கு 170 மீட்டர் சொச்சத்தில்தான் போகிறது. பல மலிவு ரைஃபிள்கள் அதைவிட வேகம்.

மலிவுத் துப்பாக்கி யாருக்கு?

அதற்காகப் பிரிசிஹோல், எஸ்டிபி போன்ற உள்நாட்டுத் துப்பாக்கிகளை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. நம் நாட்டுப் போட்டிகளில் 'ஓபன் சைட் ஏர் ரைஃபிள்' என்று தனிப் பிரிவே உண்டு. பீப் சைட் இல்லாத சாதாரண ரைஃபிளை வைத்துக்கொண்டே மாநில அளவில் போட்டியிடலாம். ஐம்பது வயதில் 'சும்மா ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சுடலாம்' என்று வருபவருக்கும் இது போதும். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் போக மிச்சம் பிடிக்கும் வீட்டில், அகாடமி ரைஃபிளில் கற்றுக்கொண்டு வீட்டில் நிற்கும் பயிற்சிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் நல்ல யோசனைதான்.

நான் தடுப்பது ஒன்றைத்தான். ஒலிம்பிக் வகைப் பீப் சைட் பிரிவில் போகப்போகும் பிள்ளைக்கு 'முதலில் இது, அப்புறம் பெரியது' என்று ஸ்பிரிங் ரைஃபிள் வாங்குவது. அந்த உதையைச் சமாளிக்கப் பழகும் உடம்பு, உதையில்லாத துப்பாக்கிக்கு வரும்போது பாதியை மறக்க வேண்டியிருக்கும். பதினைந்தாயிரமும் போகும், ஆறு மாதமும் போகும்.

ஸ்பிரிங் ரைஃபிள் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை: குண்டு போடாமல் விசையை அழுத்தாதீர்கள், எதிர்க்காற்று இல்லாமல் பிஸ்டன் நேரே முனையில் மோதி உடையலாம். குண்டை வைக்கும்போது மடக்கிய குழலை இன்னொரு கையால் கட்டாயம் பிடித்திருங்கள், கொக்கி நழுவினால் குழல் விரலை வெட்டிவிடும். மடக்கிய நிலையில் மணிக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. தையல் மெஷின் எண்ணெயைக் காற்றறைக்குள் விடக் கூடாது. அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடித்து உள்ளேயே வெடிக்கும், புகை வரும், சீலும் போகும்.

நடுவழி: பழைய போட்டி ரைஃபிள்

பெரும்பாலானவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். கல்லூரி முடித்து விளையாட்டை விட்டவர்கள், அடுத்த மாடலுக்குப் போனவர்கள் என்று டெல்லியில் விற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். ரேஞ்ச் நோட்டீஸ் போர்டும் கோச்சுகளின் வாட்ஸ்அப் குழுக்களும் தான் சந்தை. புதியதே வேண்டும் என்றால் ஹேமர்லி ஏஆர்20 போன்ற ஆரம்ப ரகப் பிசிபி ரைஃபிள்கள் மூன்று லட்சத்தைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் இருக்கின்றன. திருகாணிகள் கொஞ்சம் குறைவு, மற்றபடி வேலைக்கு ஆகும்.

பழையதைப் பார்க்கப் போகும்போது முதலில் சிலிண்டரைத் திருப்பி அதில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். இந்தச் சிலிண்டர்களுக்கு ஆயுள் உண்டு, வழக்கமாகத் தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து வருடம். காலாவதியானதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், 200 பாரைக் கன்னத்துக்கு அருகில் வைத்துக்கொள்வது பாதுகாப்பும் இல்லை. புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேரம் தொடங்க வேண்டும். அடுத்து, முழுக் காற்று நிரப்பி ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சீல் கசிகிறது. சீல் மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் மாற்றத் தெரிந்தவர் வேண்டும்.

அப்புறம் பின் சைட். அதன் விலையே சில பத்தாயிரங்கள். ஐந்து குண்டு சுட்டுவிட்டு, வலது பக்கம் பத்துக் கிளிக் திருகி, திரும்பவும் இடது பக்கம் பத்துக் கிளிக் திருகி, இன்னும் ஐந்து சுடுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் மரை தேய்ந்திருக்கிறது. கட்டையின் திருகாணிகள் ஒவ்வொன்றையும் ஒருமுறை தளர்த்தி இறுக்கிப் பாருங்கள், அலுமினியத்தில் மரை போயிருந்தால் அந்தப் பகுதியே மாற்ற வேண்டும். இடது கைக்காரர்கள், இடது கைக்கான மாடல்தானா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாகக் காகிதம். இந்த ரைஃபிள்கள் இறக்குமதி. தேர்ந்த வீரர்களும் கிளப்களும் சலுகையோடு இறக்குமதி செய்தவற்றை மறுவிற்பனை செய்ய நிபந்தனைகள் இருக்கலாம். விற்பவரின் பில்லையும் இறக்குமதிக் காகிதத்தையும் மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் காட்டி, பெயர் மாற்ற வழி கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். 'காகிதம் எல்லாம் அப்புறம் தரேன்' என்பவரிடம் 'சரி, காசும் அப்புறம் தரேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கைக்கு ஏற்பச் செய்துகொள்வது

வேட்டைத் துப்பாக்கி உலகில் கஸ்டம் என்றால் பட்டறையில் ஆர்டர் கொடுத்து முழுத் துப்பாக்கியையும் செய்வது. இங்கே அப்படி யாரும் செய்வதில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், சென்னையில் பிறந்த ககன் நாரங் போன்ற ஒலிம்பிக் ரைஃபிள் வீரர்கள் நிலைக்குப் போனாலும் எந்திரம் கம்பெனியுடையதுதான். உடம்பைத் தொடும் இடங்களைத்தான் தனக்கென்று மாற்றிக்கொள்வார்கள். தனியாக வாங்கும் தோள்தகடு, எடைக்கட்டிகள், கையின் அச்சில் செதுக்கிய மரக் கைப்பிடி என்று இந்தச் செலவுக்கு முடிவே கிடையாது.

ஆரம்பத்தில் இதையெல்லாம் சில்லறைக் காசிலேயே செய்யலாம். கைப்பிடி மரமாக இருந்தால், விரல் இடுக்கில் இடைவெளி இருக்கும் இடத்தில் எம்-சீல் வைத்து, ஈரம் இருக்கும்போதே கையை அழுத்தி அச்சு எடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், பிடிக்க அருமையாக இருக்கும். ஒன்று மட்டும்: ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் எந்தத் திருகாணி எந்தக் கோட்டில் இருந்தது என்று நோட்டில் எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். நான்கையும் சேர்த்துத் திருகிவிட்டால் எது கெடுத்தது என்று கடவுளுக்கே தெரியாது.

குண்டும் கோட்டும்

துப்பாக்கிக்கு மூன்று லட்சம் கொடுத்துவிட்டுக் குண்டு டப்பாவில் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது, யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை. தட்டைத் தலைக் குண்டுதான் வேண்டும். அட்டையில் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், எண்ணிக்கையில் தகராறு வராது. கூர்முனைக் குண்டு கிழித்துவிடும். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் போன்றவற்றின் போட்டிக் குண்டுகள் அரை கிராமை ஒட்டிய எடையில், 4.49, 4.50 என்று தலை அளவு போட்டு வரும். எந்த அளவு உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்பதைத் துப்பாக்கியைப் பூட்டிச் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். முதல் வருடம் அதற்கு அலைய வேண்டாம். ஒரு நல்ல ரகத்தைப் பிடித்துக்கொண்டு அதையே தொடருங்கள்.

சுடும்போது போடும் கோட்டும் பேண்ட்டும் துப்பாக்கிக்கு அடுத்த பெரிய செலவு. சில பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைவிடக் கோட்டுதான் அதிகப் புள்ளி கொடுக்கிறது. விறைப்பான கேன்வாஸ், முதுகைத் தாங்கும். ஆனால் தடிமன் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, விறைப்புக்கும் வரம்பு உண்டு, போட்டியில் கருவி வைத்துச் சோதிப்பார்கள். பழைய கோட்டு வாங்கினால் உங்கள் உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் 'பெரிசா இருந்தா ரெண்டு வருஷம் வரும்' என்று தீபாவளிச் சட்டை மாதிரி எடுக்காதீர்கள், தொளதொளத்தால் பயனே இல்லை. மே மாதம் ஏசி இல்லாத ரேஞ்சில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பது தண்டனை. வேறு வழியில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்கும் வரிசையைச் சொல்லச் சொன்னால்: முதலில் ஷூ, கோட்டு, பேண்ட், கையுறை. அடுத்தது குண்டு. துப்பாக்கி அதற்குப் பிறகு.

வீட்டிலும் வழியிலும்

குண்டு ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்கவிடாதீர்கள். அடுக்குமாடி பால்கனியிலோ மொட்டைமாடியிலோ சுடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார், கூப்பிடுவதுதான் சரி. வீட்டில் நிற்கும் பயிற்சிக்குச் சுவரில் புள்ளி ஒட்டி, குண்டில்லாமல் விசையை மட்டும் அழுத்துங்கள் (ஸ்பிரிங் ரைஃபிளில் மட்டும் இது கூடாது). பெரும்பாலான போட்டி ரைஃபிள்களில் அதற்கென்றே தனி விசை நிலை உண்டு. துப்பாக்கி பூட்டிய பெட்டியில், குண்டு வேறு அலமாரியில்.

காற்று நிரப்ப ரேஞ்சில் பெரிய சிலிண்டர் இருக்கும். கைப் பம்ப் வாங்கினால் ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டரோடு வாங்குங்கள், ஜூலை ஆகஸ்டில் டெல்லிக் காற்றில் அவ்வளவு ஈரம். வெல்டிங் கடை ஆக்ஸிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பாதீர்கள். கிரீஸோடு சேர்ந்தால் வெடித்துவிடும்.

ரேஞ்சுக்குத் துப்பாக்கியோடு போகும் நாளில் மெட்ரோவை நம்ப வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். வண்டியோ ஆட்டோவோ தான். குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டிய வாரங்களில் தேவையில்லாமல் எடுத்துக்கொண்டு அலையாதீர்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பயிற்சி விடக் கூடாது என்று சென்னைக்கு விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால், முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். சிலிண்டரைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றி, முள் பூஜ்யத்தில் நிற்பது தெரிவதுபோல் பெட்டியில் வையுங்கள். பில், அடையாள அட்டை, சங்கத்தின் கடிதம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். அன்று கவுன்டருக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள், ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருக்கும்.